கமிஷனர் பதில்கள்: 23 பேர், 260 டாலர், நூறு சண்டை

பிப்ரவரி நடுவில் பேஸ்பால் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) அரிசோனாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் பயிற்சிக்குப் போய்ச் சேர்கிறார்களோ இல்லையோ, எனக்குக் கடிதங்கள் வந்து சேர்ந்துவிடும். என்னைத் தெரியாதவர்களுக்கு: பகலில் நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்துக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். இரவில் இன்னொரு சம்பளப் பட்டியல். எங்கள் 12 அணி ஃபேன்டஸி பேஸ்பால் லீக்குக்கு நான்தான் கமிஷனர், அதாவது விதியும் கணக்கும் பார்க்கிறவள். பதவி கேட்டு வாங்கியதல்ல. முதல் வருடம் எக்செல் தெரிந்தவர் யார் என்றார்கள், கை தூக்கிவிட்டேன்.

ஆடாதவர்களுக்கும் இரண்டு வரி. நிஜ மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால்) ஆட்டக்காரர்களை நாங்கள் கற்பனைப் பணத்தில் ஏலம் எடுக்கிறோம். ஓர் அணிக்கு 260 டாலர், 23 ஆட்கள்: 14 பேட்டர், 9 பிட்சர். மைதானத்தில் அவர்கள் அடிக்கும் ஹோம் ரன்னும் (கிரிக்கெட் சிக்ஸர் போல) திருடும் பேஸும் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) எங்கள் கணக்கில் ஏறும். சீசன் முடிந்ததும் எல்லாரையும் கலைத்துவிடாமல் சிலரை அதே விலைக்கு அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கேதான் ஒப்பந்தம் என்ற வார்த்தை வருகிறது. சண்டையும் அதன் பின்னாலேயே வருகிறது.

கேள்வி: அக்கா, எங்கள் லீக்கில் இந்த வருடம்தான் ஒப்பந்த விதி கொண்டுவந்தோம். 15 டாலர் ஆட்டக்காரரை இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக வைத்துக்கொள்ள ஒருவர் 25 டாலர் என்கிறார். இன்னொருவர், முதல் வருடம் 15, அடுத்து 20, அப்புறம் 25 என்று ஏறும் என்கிறார். எது சரி?
— ஏலத்துக்கு முன்பே தலைவலி, ஃப்ரீமான்ட்

25 டாலர் என்பவர்தான் சரி. எல்லா வருடமும் 25.

இந்த விதி இன்று நேற்று வந்ததல்ல. 1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் மன்ஹாட்டனில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டே இந்த விளையாட்டை ஆரம்பித்தார்கள். கடையின் பெயர் லா ரோட்டிசரி ஃப்ரான்சேஸ். அதனால்தான் இன்றும் இதை ரோட்டிசரி ஆட்டம், சுருக்கமாக ரோட்டோ என்கிறோம். 260 டாலர், 23 பேர் எல்லாம் அவர்கள் பழக்கிவிட்டதுதான்.

ஒப்பந்தக் கணக்கு இப்படி. ஏலத்தில் எடுத்த ஆளை முதல் இரண்டு வருடம் வாங்கிய விலைக்கே வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் வருடம் தொடங்கும் முன் முடிவெடுக்க வேண்டும். விட்டுவிடலாம். அல்லது அதே விலையில் கடைசியாக ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம். அது ஆப்ஷன் வருடம், அதன் பிறகு அவர் ஏலத்துக்குத் திரும்பிவிடுவார். அல்லது நீண்ட ஒப்பந்தம் போடலாம். ஆப்ஷன் வருடத்துக்கு மேல் கூடுகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 5 டாலர், அதுவும் ஆப்ஷன் வருடத்திலிருந்தே. ஆக 15-ம் 10-ம் 25. மூன்று வருடமும் 25.

வருடா வருடம் ஏறினால் முதல் வருடம் சும்மா கிடைக்கிறது, மூன்றாம் வருடம் ட்ரேடில் (ஆள் மாற்றிக்கொள்வதில்) யார் தலையிலாவது கட்டிவிடலாம். நிச்சயத்துக்கான விலையைக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே கொடுத்தால்தான் போடுகிறவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

எனக்கு நடுங்கவில்லை. அதுதான் என் கதை. 2022-ல் அட்லான்டா பிரேவ்ஸின் ரொனால்ட் அக்குன்யாவை 38 டாலருக்கு எடுத்தேன். முந்தைய ஜூலையில் வலது முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அதனால் அறையில் எல்லாரும் தயங்கினார்கள். 2023-ல் அதே 38 டாலருக்கு அவர் 41 ஹோம் ரன் அடித்தார், 73 பேஸ் திருடினார். ஒரே சீசனில் 40-ம் 70-ம் அதுவரை யாரும் தொட்டதில்லை. 2024 மார்ச்சில் என் பேனா நிற்கவில்லை. கூடுதல் இரண்டு வருடம், 10 டாலர், ஆக 48. 2024, 2025, 2026. மே 26, பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். பேஸ் திருட ஓடத் தொடங்கி, நின்று திரும்பினார். இந்த முறை இடது முழங்கால்.

நான் நியூயார்க் மெட்ஸ் ரசிகை. பிரேவ்ஸ் எங்களுக்குப் பரம எதிரி. பிரேவ்ஸ் ஆட்டக்காரருக்காக வீட்டில் உட்கார்ந்து கண் கலங்கிய ஒரே மெட்ஸ் ரசிகை நீதான் என்று என் கணவர் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார்.

கேள்வி: என் ஆள் ஐஎல்-லிலிருந்து திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. அவரை ஐஎல் இடத்திலேயே வைத்துவிட்டு, அவருக்காக எடுத்த மாற்று ஆளையும் ஆடவைக்கிறேன். செயலி தடுக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று குதிக்கிறார்கள்?
— செயலியே சாட்சி, டாலஸ்

பூட்டு திறந்திருந்தது என்பதற்காக வீட்டுக்குள் போகலாமா தம்பி? செயலி தடுக்கவில்லை என்றால் செயலிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களிடம் இப்போது விதிப்படி இருக்க வேண்டியதைவிட ஓர் ஆள் அதிகம்.

ஐஎல் என்றால் காயமடைந்தோர் பட்டியல். 2019-க்கு முன்பு இதற்கு டிஎல் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள். பேட்டருக்குக் குறைந்தது 10 நாள், பிட்சருக்கு 15 நாள், பெரிய காயம் என்றால் 60 நாள் பட்டியல். ஃபேன்டஸி ரோஸ்டரில் (ஆட்கள் பட்டியலில்) ஐஎல் இடம் என்பது காயத்துக்கான இரக்கம் மட்டும்தான், கூடுதல் பெஞ்ச் அல்ல.

எங்கள் லீக்கில் இதற்கு ஒரே ஒரு அளவுகோல்: நிஜ அணி அறிவித்ததா, இல்லையா. அணி அவரை ஐஎல்-லில் சேர்த்தால் நீங்களும் சேர்க்கலாம். எடுத்தால், அடுத்த திங்கள் வரிசை பூட்டப்படும் முன் எடுத்துவிட வேண்டும். தொடை பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் உட்காருவார் என்று நிருபர் எழுதியதெல்லாம் செல்லாது. குணமாகும்போது மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படி) ஒத்திகை ஆட்டம் ஆடுவார்களே, அதை வைத்தும் வருடத்துக்கு ஒரு சண்டை வரும். 'நேற்று இரண்டு ஹிட் அடித்தார், இன்னும் எப்படி ஐஎல்?' ஒத்திகைக்குப் போனவர் இன்னமும் ஐஎல்-லில்தான் இருக்கிறார். பேட்டருக்கு 20 நாள், பிட்சருக்கு 30 நாள் வரை ஒத்திகை போகலாம். அதுவரை இடம் உங்களுடையது.

தடை விதிக்கப்பட்டவர் இதில் வரமாட்டார். 2022 ஆகஸ்டில் சான் டியேகோவின் ஃபெர்னாண்டோ தத்தீஸ் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி 80 ஆட்டத் தடை வாங்கினார். மணிக்கட்டு முறிந்து ஐஎல்-லில் இருந்தவர்தான். தடை வந்த நிமிடமே கணக்கு வேறு. எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்தவர் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. 'மணிக்கட்டு இன்னும் ஆறவில்லையே அக்கா' என்றார். உண்மைதான். ஆனால் அவர் பெயர் இருந்த பட்டியல் மாறிவிட்டது. ரிசர்வில் (ஆடாத இடத்தில்) வைத்துச் சுமக்க வேண்டும், இல்லையா, விட்டுவிட வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பி வந்த நாளுக்குப் பின் பூட்டிய முதல் திங்களிலிருந்து மாற்று ஆள் சேர்த்த புள்ளிகளைக் கழிக்கச் சொல்லுங்கள். நீங்களே போய்ச் சொன்னால் மரியாதை. எனக்கே இது நடந்திருக்கிறது. சென்னைக்குப் போயிருந்தபோது நேர வித்தியாசத்தில் திங்கள் எது, செவ்வாய் எது என்று தெரியாமல் ஒரு பிட்சரை மாற்ற மறந்தேன். கமிஷனருக்கு அபராதம் போட்டது கமிஷனர்தான். அந்த வாரம் அவர் சேர்த்த 14 ஸ்ட்ரைக்அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) நானே கணக்கிலிருந்து கழித்தேன்.

கேள்வி: மூக்கி பெட்ஸை அவுட்ஃபீல்டராக (வெளி மைதானத்தில் நிற்பவராக) நினைத்து நீண்ட ஒப்பந்தம் போட்டேன். இப்போது அவர் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) மட்டும்தான் என்கிறார்கள். ஒப்பந்தம் போடும்போது என்ன இடமோ அதுதானே கடைசிவரை செல்ல வேண்டும்?
— அவுட்ஃபீல்டில் ஓட்டை, சிகாகோ

வேண்டியதில்லை. ஒப்பந்தம் ஆளுக்கு. ஆளுக்கு எந்த இடத்தில் நிற்கத் தகுதி என்பது வேறு கணக்கு. வருடா வருடம் புதிதாக எழுதப்படும்.

பெரும்பாலான லீக்குகளைப் போல எங்களுடையதும் 20 ஆட்டக் கணக்கு. போன சீசனில் ஓர் இடத்தில் 20 ஆட்டம் ஆடியிருந்தால் இந்த சீசனில் அங்கே நிறுத்தலாம். நடப்பு சீசனில் புது இடத்தில் 5 ஆட்டம் ஆடினால் அங்கேயும் தகுதி வந்துவிடும். வந்த தகுதி அந்த சீசன் முடியும்வரை போகாது.

பெட்ஸ் வலது அவுட்ஃபீல்டில் ஆறு கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வாங்கியவர். 2024 தொடக்கத்தில் டாட்ஜர்ஸ் அவரை ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்றியது. ஜூனில் பந்து பட்டுக் கை எலும்பு முறிந்தது; ஆகஸ்டில் திரும்பியபோது பழையபடி வலது மூலைக்குப் போனார். அதனால் 2025 தொடங்கும்போது அவருக்கு இரண்டு இடத்திலும் தகுதி இருந்தது. 2025-ல் திரும்பவும் ஷார்ட்ஸ்டாப், ஏறக்குறைய முழு சீசனும். ஆக அதற்கு அடுத்த வருடம் அவுட்ஃபீல்டு தகுதி போய்விட்டது. நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளில் இரண்டு இடமும் இருந்தது என்பது உண்மை. அதை யாரும் உங்களுக்கு எழுதிக்கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

பதிலுக்கு ஒன்று சொல்கிறேன். ஷார்ட்ஸ்டாப்பை நிறுத்த ரோட்டோ வரிசையில் இடங்கள் உண்டு: அவர் இடம், இரண்டாம் பேஸ்காரரோடு பங்கிடும் நடு இடம், யாரை வேண்டுமானாலும் நிறுத்தும் பொது இடம். ஏலத்தில் அவுட்ஃபீல்டருக்கு ஐந்து இடம் இருப்பதால் 1 டாலருக்குக்கூட ஆள் கிடைப்பார். இருக்கிற ஓட்டைகளில் அதுதான் மலிவானது.

கேள்வி: மைனர் லீக்கில் இருந்தபோதே பைரேட்ஸ் பிட்சர் பால் ஸ்கீன்ஸை 5 டாலருக்கு எடுத்து வைத்திருந்தேன். அவர் மேலே வந்தது 2024 மே மாதம்தான். பாதி வருடத்தை முழு வருடமாக எண்ணி அவரை என்னிடமிருந்து சீக்கிரம் பிடுங்கப் பார்க்கிறார் கமிஷனர். நியாயமா?
— பொறுத்தவன் பூமி ஆள்வான், பிட்ஸ்பர்க்

ஐயோ, உங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. ஆனாலும் கமிஷனர் பக்கம்தான் நான்.

மைனர் லீக் ஆட்டக்காரரின் ஒப்பந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்று உங்கள் விதித்தாளில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, அதனால் எழுதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பல லீக்குகள் இதற்கு நிஜ பேஸ்பாலின் ரூக்கி (புதுமுக ஆட்டக்காரர்) அளவைக் கடன் வாங்கும்: பேட்டர் 130 அட் பேட் (பேட் பிடித்த முறை), பிட்சர் 50 இன்னிங்ஸ். ஒரு சீசனில் அதைத் தாண்டினால் அந்த சீசன் முதல் வருடம். தாண்டவில்லையா, கடிகாரம் ஓடவில்லை.

ஸ்கீன்ஸ் மே 11 அன்று முதல் ஆட்டம் ஆடினார். சீசன் முடியும்போது 133 இன்னிங்ஸ், 170 ஸ்ட்ரைக்அவுட், இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்ட ரன்) 1.96. நேஷனல் லீக்கின் சிறந்த ரூக்கி. 50 இன்னிங்ஸ் கோட்டை எப்போதோ தாண்டிப் போய்விட்டார். பாதி வருடம் என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பாதியில் அவர் உங்களுக்குக் கொடுத்ததை மற்றவர்கள் மறக்கமாட்டார்கள். ஆக 2024 முதல் வருடம், 2025 இரண்டாம் வருடம், அப்புறம் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய வருடம். 5 டாலர் ஆளுக்கு மூன்று வருடம் கூட்டினாலும் 20 டாலர்தான். கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். சரி, அக்குன்யா கதைக்குப் பிறகு நான் இப்படி அறிவுரை சொல்லக்கூடாது.

நிஜத்திலும் இதே தகராறு உண்டு. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருட அனுபவம். ஆறு வருட அனுபவம் சேர்ந்தால்தான் ஆட்டக்காரர் சுதந்திரமாக வேறு அணியோடு பேசலாம். அதனால் நல்ல பையனைச் சில வாரம் தாமதமாக மேலே கொண்டுவந்து ஒரு வருடத்தை மிச்சப்படுத்துகிற பழக்கம் அணிகளுக்கு இருந்தது. 2022 தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு மருந்து சேர்த்தார்கள்: சிறந்த ரூக்கி வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், எப்போது வந்திருந்தாலும் முழு வருடக் கணக்கு. ஸ்கீன்ஸுக்கு அப்படித்தான் முழு வருடம் கிடைத்தது. உங்கள் கமிஷனர் எண்ணியதைப் போலவேதான் பைரேட்ஸ் அணிக்கும் எண்ணினார்கள்.

விதித்தாளில் 'ரூக்கி' என்று ஒரு வார்த்தை போட்டால் அதற்கு அளவும் போட்டுவிட வேண்டும். ஐபிஎல்-லில் பார்க்கவில்லையா? ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் 'அன்கேப்ட்' என்று எழுதியிருந்ததால்தான் 2025-க்குத் தோனியை நாலு கோடிக்குச் சென்னை வைத்துக்கொண்டது. உலகக் கோப்பை வாங்கித் தந்தவர் எப்படி அறிமுகமாகாதவர் ஆவார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்! விதியில் அளவு இருந்தது, அதனால் கேள்வி கேலியோடு நின்றது.

கேள்வி: ஓட்டானி ஒரு ஆளா, இரண்டு ஆளா?
— ஒரே வரிக் கேள்வி, சியாட்டில்

ஒரே வரிக் கேள்விதான், ஆனால் பேட்டும் பிடித்துப் பந்தும் வீசுகிற ஷோஹெய் ஓட்டானி மேஜர் லீக்குக்கு வந்த 2018-லிருந்து இது ஓயவில்லை. ஃபேன்டஸி லீக் நடத்தும் யாஹூ தளம் அவரைப் பேட்டர் ஓட்டானி, பிட்சர் ஓட்டானி என்று இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டது. வேறு சில இடங்களில் ஒரே ஆள், அன்றைக்கு எதுவாக நிறுத்துகிறீர்களோ அந்தக் கணக்கு மட்டும் சேரும். இரண்டும் நடைமுறைக்கு ஒத்துவரும். நடுவில் மாற்றுவதுதான் ஆகாது.

2024-ல் அவர் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் பந்தே வீசவில்லை. பேட்டராக மட்டும் 54 ஹோம் ரன், 59 பேஸ். 2025 ஜூனில் மறுபடி பந்து வீச வந்தார். வீசாத வருடத்தில் பிட்சர் ஓட்டானியை 1 டாலருக்கு எடுத்து ஒப்பந்தத்தில் வைத்திருந்தவர்கள் அன்று சிரித்தார்கள். ஒரே ஆளாக வைத்திருந்த லீக்குகளில் அந்தச் சிரிப்புக்கே வழியில்லை. ஏலத்துக்கு முன் முடிவு செய்து எழுதிவிடுங்கள். என் ஓட்டு இரண்டு ஆளுக்கு, காரணம் கணக்கு எழுத எளிது. இரண்டு ஒப்பந்தமும் தனித்தனி. ஒன்றை ட்ரேட் செய்தால் மற்றது கூடவே போகாது.

கேள்வி: ஆகஸ்டில் ஒரு ட்ரேட் செய்தேன். எனக்கு வந்த 30 டாலர் ஆட்டக்காரருக்கு அதுதான் ஆப்ஷன் வருடம் என்று அந்த நண்பர் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் அவர் எனக்கு இல்லை. நான் கொடுத்த இரண்டு இளைஞர்களும் அங்கே இருக்கிறார்கள். ட்ரேடைத் திருப்ப முடியுமா?
— ஏமாந்தவன், அட்லான்டா

முடியாது. ஆட்டக்காரர் கைமாறினால் விலையும் வருடமும் கூடவே கைமாறும், புது ஏலம் எடுத்தது போல ஒன்றிலிருந்து எண்ண முடியாது. அப்படி எண்ணலாம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை இருவர் ஆளை மாற்றிக்கொண்டே யாரையும் ஏலத்துக்கு விடமாட்டார்கள்.

ஆனால் 'வாய் திறக்கவில்லை' என்பதில் உங்கள் கமிஷனருக்கும் பங்கு இருக்கிறது. எங்கள் லீக்கின் எக்செல் தாளில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய கட்டம் உண்டு. வ1, வ2, ஆப், நீ என்று நான்கே குறிகள். ஆப்ஷன் வருடக்காரர் வரி முழுக்க மஞ்சள். நீண்ட ஒப்பந்தம் என்றால் எந்த வருடம் முடிகிறது என்று அடைப்புக்குறிக்குள் எண். ட்ரேட் ஒப்புதலுக்கு வரும்போது அந்த இரண்டு வரியையும் அப்படியே வெட்டி குழுவில் ஒட்டிவிடுவேன். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மஞ்சளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியவர்கள் உண்டு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். 'நான் தோற்கப் போகிறேன், என் நட்சத்திரத்தை இப்போது எடுத்துக்கொள், நவம்பரில் திருப்பிக் கொடு' என்று டீக்கடைப் பேச்சாகப் பேசுவார்கள். இது வாடகை. இதில் இரண்டு பேருக்கும் லாபம், மீதி பத்துப் பேருக்கும் நஷ்டம். ஒருமுறை எங்கள் லீக்கில் மச்சானும் மாப்பிள்ளையும் இப்படிச் செய்தார்கள். சொந்தத்துக்குள் என்ன கமிஷனர் என்றார்கள். அந்த ஆட்டக்காரர் இருவர் அணிக்கும் ஒரு முழு சீசன் திரும்பக் கூடாது என்று எழுதினேன். அந்தத் தீபாவளிக்கு எனக்கு அவர்கள் வீட்டிலிருந்து முறுக்கு வரவில்லை. விதி இன்னும் இருக்கிறது. முறுக்கும் மறு வருடம் வந்துவிட்டது.

கேள்வி: நீண்ட ஒப்பந்தம் போட்ட ஆள் படுத்துவிட்டார். பாதியில் விட்டால் சம்பளம் என்ன ஆகும்?
— மூழ்கும் கப்பல், ஹூஸ்டன்

நீண்ட ஒப்பந்தத்துக்கு இன்னொரு பெயர் நிச்சய ஒப்பந்தம், பெயரிலேயே நிச்சயம் என்று இருக்கிறது. சும்மா விட முடியாது. எங்கள் விதி: மீதியுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் பாதிச் சம்பளம் உங்கள் 260-லிருந்து கழியும், ஆள் இல்லாமலே. சில லீக்குகளில் முழுதும் கழியும். எதுவானாலும் பூஜ்யம் மட்டும் வேண்டாம். பூஜ்யம் என்றால் எல்லாரும் எல்லாருக்கும் ஐந்து வருடம் எழுதுவார்கள்.

மெட்ஸ் ரசிகைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாபி போனியாவை 2000 சீசனுக்கு முன் அணியிலிருந்து விடுவித்தபோது அவருக்குத் தர வேண்டியிருந்தது 59 லட்சம் டாலர். அப்போதே கொடுக்காமல் 8 சதவீத வட்டியோடு தள்ளிப்போட்டார்கள். விளைவு, 2011-லிருந்து 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் அவருக்குச் சுமார் 11 லட்சத்து 93 ஆயிரம் டாலர். அவர் கடைசியாக மேஜர் லீக்கில் ஆடியது 2001. ஜூலை முதல் தேதி வந்தால் என் அலுவலகத்தில் யாராவது ஒருவர் 'இன்று உன் அணிக்குச் சம்பள நாள்' என்று சொல்லாமல் போகமாட்டார்கள். சம்பளப் பட்டியல் போடுகிறவளிடம்!

அக்குன்யாவை விட்டுவிடலாமா என்று நானும் கணக்குப் போட்டேன். 2025-க்கு 24 டாலர், 2026-க்கு 24 டாலர், கையில் ஆள் இல்லை. விடவில்லை. 2025 மே 23 அன்று திரும்பி வந்தார். அவருக்கு வீசிய முதல் பந்து ஹோம் ரன். அன்று நான் அழுதேனா என்று யாரும் கேள்வி அனுப்ப வேண்டாம். அந்த சீசனில் 95 ஆட்டம், 21 ஹோம் ரன். திருடிய பேஸ் ஒற்றை இலக்கம்தான். 73-க்கு 48 டாலர் கொடுத்தவள் நான்.

இடம் குறைவு, மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சீசன் நடுவில் 3 டாலருக்கு எடுத்த ஆளுக்கு அது முதல் வருடமா என்று ஆஸ்டின் வாசகர் கேட்கிறார். ஆம், ஆகஸ்டில் எடுத்தாலும் முதல் வருடம்தான். எங்கள் லீக்கில் அவரை அடுத்த வருடம் வைத்துக்கொள்ள விலை குறைந்தது 10 டாலர்.

லீக்கை விட்டுப் போனவரின் ஒப்பந்தங்கள் யாருக்கு என்று ராலே வாசகர். அந்த அணியை எடுத்துக்கொள்கிறவருக்கு. ஒன்றே ஒன்று: புதிதாக வருகிறவர் ஒரு நீண்ட ஒப்பந்தத்தை அபராதம் இல்லாமல் முறிக்கலாம் என்று நாங்கள் சலுகை வைத்திருக்கிறோம். அப்படி இல்லாவிட்டால் யார் வருவார்கள்?

கமிஷனருக்கு எதிராகவே புகார் இருந்தால் எங்கே போவது என்று எடிசனிலிருந்து ஒரு கடிதம். கையெழுத்தைப் பார்த்தால் எங்கள் லீக் ஆள் போலத்தான் தெரிகிறது. மற்ற அணிக்காரர்களில் மூன்று பேர் கொண்ட குழு உண்டு, உங்களுக்கே தெரியும். ஏலம் மார்ச் கடைசி சனிக்கிழமை, எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டில். புகாரை அதற்கு முன் கொடுங்கள். பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கி வருவது இந்த முறை உங்கள் முறை.